வயரில் போன கலியாணம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கொம்பியூட்டர் பிடிபட்டது என் கணவரின் ஸ்டூடியோவில்தான். மன்னார்த் தீவுக்குள் கலியாணம், பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசை, திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் அவர் கமராவைத் தூக்கிக்கொண்டு போவார். எடுத்ததை லப்டொப்பில் வெட்டி ஒட்டிப் படமாக்குவது என் வேலை. முடித்ததும் ஸ்டூடியோவில் இருந்த பெரிய கொம்பியூட்டருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுவேன். அது அங்கே போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் காணும்வரை எனக்குச் சோறு இறங்காது. சேர்ந்தபிறகும் திறந்து பார்ப்பேன். மூடிவிட்டு, சரியாகத்தான் மூடினேனா என்று திரும்பவும் திறப்பேன்.

அந்தப் பிரதி வயரில் போனால் பத்து நிமிடம். வயர்லெஸ்ஸில் போனால் மணிக்கணக்கு. நான் வயர்லெஸ்ஸில்தான் அனுப்பினேன். காரணம் வெட்கக்கேடு: இரண்டு கொம்பியூட்டரையும் இணைக்கிற அந்த நீல வயருக்குள்ளும் கறண்ட் ஓடுகிறது, தொட்டால் அடிக்கும் என்று நம்பியிருந்தேன். ஒருமுறை ஸ்டூடியோ லைற்றின் வயர் என்னைத் தூக்கி எறிந்ததிலிருந்து வயர் என்றாலே எனக்குப் பயம். சொல்லிச் சொல்லிக் களைத்த கணவர் கொழும்பிலிருந்து ஒரு வயர்லெஸ் பெட்டியை வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

"இனி என்னப்பா பயம்? தொடுறதுக்கு ஒண்டுமே இல்லை."

"காத்தில போறது வழியில விழுந்திடாதே?" என்று கேட்டேன். அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

சமாதானம் குழம்பிச் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம். அவளுடைய அப்பா சண்டைக் கோட்டுக்கு அப்பால் இருந்த விடத்தல்தீவில் தொழில் செய்தவர். பாதை பூட்டியதும் அங்கேயே நின்றுவிட்டார். கலியாணத்துக்கு வர எவ்வளவோ முயன்றும் சோதனைச்சாவடியைத் தாண்ட அவருக்குப் பாஸ் கிடைக்கவில்லை. பெண் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் நடந்தாள். கமராவுக்குப் பின்னால் நின்ற என் கணவரே மூக்கைத் துடைத்தாராம்.

மருந்துப் பெட்டிகளோடு அந்தப் பக்கம் போக ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டருக்கு அனுமதி கிடைத்திருந்தது. புதன்கிழமை பதினொரு மணிக்கு வாகனம். கலியாண சீடியையும் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதை விட்டால் அடுத்த பயணம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

புதன் காலை எட்டரைக்குப் படத்தை முடித்தேன். சீடி எழுதுகிற கருவி பெரிய கொம்பியூட்டரில்தான் இருந்தது. வழக்கம்போல வயர்லெஸ்ஸில் அனுப்பத் தொடங்கினேன். இன்னும் மூன்றே முக்கால் மணித்தியாலம் என்று திரை காட்டியது. லப்டொப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மூன்றரை.

"இஞ்சாருங்கோ, இது போய்ச் சேராது!"

கணவர் தலைமன்னாருக்கு முதல் நன்மைப் படம் எடுக்க மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தார். "வயர் மேசைக்குக் கீழ கிடக்கு. அது கடிக்காது, நானும் கடிக்கிறேல்ல," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அவர் போக, கலியாணப் பெண் வந்தாள். முகத்தில் இன்னும் கலியாணக் களை.

"முடிஞ்சுதோ அக்கா?"

உண்மையைச் சொன்னேன். வயரைக் காட்டினேன். என் பயத்தையும் சொல்லவேண்டி வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு புதுச் சீலையோடு மேசைக்குக் கீழே பூந்துவிட்டாள்.

"பிள்ளை, தொடாதையும்! கலியாணம் முடிஞ்சு ரெண்டு நாள்கூட ஆகேல்ல!"

"செத்தா அவர் வேற பொம்பிளை பாப்பார் அக்கா. நீங்கள் மற்ற நுனியைப் பிடியுங்கோ."

பெரிய கொம்பியூட்டரில் ஒரு நுனியைச் செருகிவிட்டு மற்றதை என் பக்கம் நீட்டினாள். நான் றப்பர் செருப்பைப் போட்டேன். மரவாங்கில் ஏறி நின்றேன். கையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, லப்டொப்பின் ஓட்டையைத் தடவித் தடவிச் செருகினேன். டிக் என்று ஒரு சத்தம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்தால் பெண் தரையில் இருந்து வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறாள்.

ஆனால் திரையில் இன்னும் இரண்டேகால் மணித்தியாலம்.

லப்டொப்பின் ஓரத்தில் வயர்லெஸ் லைற் இன்னும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் விளங்கியது. காற்றில் தொடங்கியதை அது காற்றிலேயே கொண்டுபோகிறது, வயர் சும்மா கிடக்கிறது. நடுவில் நிறுத்தவேண்டும். என் சீவியத்தில் ஒரு பிரதியையும் நான் நடுவில் நிறுத்தியதில்லை. நிறுத்தினால் போன பாதியும் இருக்கிற பாதியும் சேர்ந்தே அழிந்துவிடுமோ?

"அக்கா, மணி ஒன்பதே முக்கால்," என்றாள் அவள். இந்தமுறை சிரிக்கவில்லை. "அப்பா பாத்துக்கொண்டிருப்பார்."

நிறுத்தினேன். ஓரத்தில் இருந்த பொத்தானைத் தள்ளி வயர்லெஸ்ஸை அணைத்தேன். முதலில் இருந்து தொடங்கினேன். திரை கொஞ்சம் யோசித்தது. ஒன்பது நிமிடம் என்றது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சீடி எழுதி, போட்டுப் பார்த்து, இன்னொருதரம் போட்டுப் பார்த்து, மூன்றாம் தரம் போடப்போன என் கையிலிருந்து அவள் அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சிஸ்டரின் வாகனத்தைப் பிடித்துவிட்டாள்.

இரண்டு கிழமை எனக்கு நித்திரை இல்லை. சீடி கீறுப்பட்டிருக்குமோ, சென்றிச் சோதனையில் எடுத்து வைத்திருப்பார்களோ, அங்கே அது ஓடாமல் போயிருக்குமோ? பிறகு ஒருநாள் சிஸ்டரே ஸ்டூடியோவுக்கு வந்தார். புதுச் சோடியையும் கூட்டிவந்திருந்தார்.

"ஓடினதோ சிஸ்டர்?" என்று கதிரை போடுமுன்பே கேட்டேன்.

"ஓடாமல்! ஒரு வீட்டில ஜெனரேற்றர் போட்டு, ஊரே கூடிப் பாத்தது. இவளின்ர அப்பா வேட்டி சால்வையோட வந்தவர். மகள் கோயிலுக்குள்ள நடந்து வர, அவர் எழும்பி நிண்டிட்டார். அவர் நிண்டவுடன சனம் எல்லாம் எழும்பினது."

பெண் கணவரின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன, 'திருப்பிப் போடுங்கோ' எண்டார். அந்த இடம் வர, திரும்பவும் எழும்பினார். திரும்பவும் திருப்பச் சொன்னார். ஏழெட்டுத்தரம் இருக்கும். மண்ணெண்ணெய் முடிஞ்சு ஜெனரேற்றர் நிண்டிட்டுது." சிஸ்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "தம்பி, உம்மட முகத்தை அவர் இன்னும் காணேல்ல."

மாப்பிள்ளை என்னிடம் திரும்பினார். "அக்கா, அப்ப அந்தப் படத்தில நான் எத்தினையாம் நிமிசத்தில வாறன்?"

"இருபதாம் நிமிசத்தில, தம்பி," என்றேன். "மகள் நடந்து முடிஞ்ச பிறகு."