உம்மா போர்த்திய பூத்துணி

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வெளிநாட்டிலேயே உயிர் பிரிந்து மௌத்தான வாப்பாவின் குரல் பதிவுகளை வீட்டிலேயே கோப்புகளைக் காத்துவைக்கும் ஒரு சேர்வரில் சேமிக்க நினைத்தேன். அதற்காக, மெமரியும் டிஸ்க்கும் தனியாக வாங்கிப் போடும் சின்னக் கணினியொன்றைக் கண்டியில் ஒரு கடையில் தேர்ந்தெடுத்தேன்.

“மலிவுதான், ஆனா ஃபேன் இல்ல. மூடி வெச்சிராதீங்க தங்கச்சி,” என்றார் கடைக்காரர்.

“அதெல்லாம் தெரியும்,” என்றேன்.

பதிவுகளை ஏற்றிவிட்டு, என் போனிலும் உம்மாவின் போனிலும் இருந்தவற்றை அழித்தேன். மடவளையில் உள்ள எங்கள் வீட்டில், டிவியைப் போல அதையும் உம்மா பூத்துணியால் போர்த்திவிட்டார். சூட்டில் டிஸ்க் பழுதாகி, எதையும் மீட்க முடியவில்லை.

“தூசி படுமெண்டு தானே மகள், மூடின...” உம்மா அழுதார். கடைக்காரர் சொன்னதை நான் உம்மாவிடம் சொல்லியிருக்கவேயில்லை.

உம்மா அழிக்க விடாத ஒரு பதிவு மட்டும் அவருடைய போனில் மிஞ்சியது: “மகள் சாப்பிட்டாளா?” அதை மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். இப்போது எதை வாங்கினாலும், உம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கிய பிறகே பெட்டியைப் பிரிக்கிறேன்.