ஆட்டுக்குச் சொன்ன புயல்

எங்கள் வீட்டில் ரேடியோ இருந்தது, பக்கத்து வீட்டில் இல்லை. எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில், ரேடியோ வைத்திருப்பது கொஞ்சம் திமிரான விஷயம்தான். திமிர் எனக்கு அதற்கு முன்பே உண்டு என்பார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்தது என் கொழுந்தன் குடும்பம். ஒரே மனையில் இரண்டு கூரை வீடுகள், பின்பக்கம் நடுவில் மார்பளவு மண் சுவர். ஓரகத்தியும் நானும் அந்தச் சுவருக்கு மேலேயே குழம்பையும் கறிவேப்பிலையையும் ஊர் வம்பையும் மாற்றிக்கொள்வோம். அவளுடைய வளைகாப்பு வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. வளைகாப்பில் அவளுக்கு வளையல் போடப் போனபோது அவளுடைய அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ வேணாம்மா, புள்ள பெத்தவ யாராவது போடட்டும்."

அதுகூடப் பரவாயில்லை, அந்தம்மா வாய் அப்படி. ஓரகத்தி தலை நிமிரவில்லை. 'அக்கா போடட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வளையல் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். தாய்வீடு போனவள் மூன்று மாதப் பிள்ளையோடு ஆவணியில் திரும்பினாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பேச்சுதான் இல்லையே தவிர வாய் ஓயவில்லை. இரண்டு பேரும் ஜாடை பேசினோம். நான் என் ஆட்டைப் பார்த்துச் சொல்வேன், அவள் தன் கோழிகளைப் பார்த்துச் சொல்வாள். செய்யாத குற்றத்துக்கெல்லாம் அந்தத் தெருவிலேயே அதிகம் திட்டு வாங்கிய ஆடு என்னுடையதுதான்.

பிள்ளையை மட்டும் நான் தூக்கியதே இல்லை. நான் பின்பக்கம் வந்தால் அதை முந்தானையால் மூடிக்கொள்வாள். கோபத்தில் செய்கிறாள் என்று நினைத்தேன். பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே தெரிந்துகொண்டேன். ஒரே ஒரு தடவை மடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அந்த ஆசையை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், மெட்ராஸ் வண்டியில் போயிருந்தார். தெருவில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கடலோரத்துக்காரங்களுக்குத்தான் புயலு. நமக்கு மலை இருக்குது, தடுத்துடும்" என்றார்கள். எனக்கு மலை மேல் பக்தி உண்டு, ஆனால் என் கூரை மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கூரையின் குறுக்கே கயிறு போட்டு, இரண்டு முனையிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். விறகை வீட்டுக்குள் அடுக்கினேன்.

அவர்கள் கூரை அப்படியே கிடந்தது. கொழுந்தன் மல்லாட்டை மண்டியில் வேலை செய்தான். வேர்க்கடலை மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட அவனை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அவளிடம் எப்படிச் சொல்வது? நேராகச் சொல்ல ரோஷம் விடவில்லை. ஆட்டைப் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னேன்.

"புயலு வருதாம், ரேடியோவுல சொல்றான். கூரைய இழுத்துக் கட்டலைன்னா பிச்சிக்கினு போயிடும்."

அவள் கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஆடு நனையுதேன்னு ஓநா அழுவுதாம்."

ரேடியோ பெருமை பேசுகிறேன், அவள் வீடு பறக்கட்டும் என்று சாபம் விடுகிறேன் என்று எடுத்துக்கொண்டாள். அவளைச் சொல்லி என்ன? மூன்று மாதமாக ஆட்டிடம் நான் நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொன்னதில்லை. இருந்தாலும் எனக்கும் ரோஷம் வந்து உள்ளே போய்விட்டேன். சுவர் வரை நடந்துபோய் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மறுநாள் விடியும்போதே காற்று பிடித்துக்கொண்டது. மலை இருந்த இடமே தெரியவில்லை. பத்து மணி வாக்கில் அவர்கள் கூரை கிழிந்து, கீற்றெல்லாம் தெருப்பக்கம் பறந்தது. பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு மழையில் நின்றாள்.

"அடியே, புள்ளைய என்கிட்ட குடுடி!"

அந்த மழையிலும் அவள் யோசித்தாள். பிறகு சுவருக்கு மேல் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் ஏறிக் குதித்தபோது ஊறியிருந்த சுவர் பாதி சரிந்தது.

மாற்றிக்கொள்ள என் சேலையைக் கொடுத்தேன். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், உடம்பு நடுங்கியது, அப்படியே சுருண்டு தூங்கிவிட்டாள். பிள்ளை என் மடிக்கு வந்தது. மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை என் மடியில்தான் இருந்தது. கூரை தூக்கித் தூக்கி இறங்கும்போதெல்லாம் அதன் காதைப் பொத்திக்கொண்டேன். அது என் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே சிரித்தது. ஊரே அண்ணாமலையாரிடம் காற்றை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட பாவி நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் காலையில் காற்று அடங்கியது. கொழுந்தன் மண்டியிலிருந்து ஒரு தார்ப்பாயோடு வந்து, கூரை போன இடத்தில் கட்டினான். ஓரகத்தி பிள்ளையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள் நின்றாள்.

"அக்கா, எல்லாம் நனைஞ்சி போச்சு. ரெண்டு மொளகா, கொஞ்சம் உப்பு, அடுப்புல நெருப்பு இருந்தா குடுங்களேன்."

அக்கா என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கை நிறைய மிளகாய் அள்ளினேன். உப்போடு புளியும் வைத்தேன். உடைந்த சட்டியில் நல்ல கங்காகப் பொறுக்கிப் போட்டுக் கொடுத்தேன். சமைக்கக் கேட்கிறாள், பிள்ளைக்காரி, பசியோடு இருக்கிறாள் என்று அரிசி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சரிந்த சுவருக்கு அந்தப் பக்கம், பிள்ளையைக் கொழுந்தன் மடியில் கிழக்குப் பார்த்து வைத்திருந்தாள். என் மிளகாயையும் உப்பையும் கைக்குள் மூடிக்கொண்டு பிள்ளையை மூன்று சுற்று சுற்றினாள். திருஷ்டி கழிக்கிறாள். நேற்றுப் பகல் முழுக்க அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த கண் என்னுடையது ஒன்றுதான்.

கையில் அரிசியோடு அப்படியே நின்றேன். அவள் மிளகாயைக் கங்கில் போட்டாள்.

கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். நெடி வந்தது. நன்றாகவே வந்தது. கொழுந்தன் இருமினான், பிள்ளை தும்மியது, அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். எனக்கும் தொண்டை கமறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நெடி ஏறுது பாருடி," என்றேன்.

அவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் போய்விட்டாள்.