மாசியில் எரித்த இடம்

பிரெஞ்சுத் தலைநகரின் லாச்சப்பலில் என் கடைக்கு மரக்கறி வாங்க வருகிறவர்கள், வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்கிற கையோடு குடும்பத்தையும் ஒருமுறை முறித்துப் பார்ப்பார்கள். "மகள் இப்ப என்ன செய்யிறா, அக்கா?" என்பார்கள். "தெற்கிலை. அரசாங்க வேலை" என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயைத் தராசில் போடுவேன். அது பொய்யில்லை. முழுவதையும் சொல்லப்போனால் கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். என் மகள் காட்டுக்கு நெருப்பு வைக்கிறாள். அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள்.

மற்றவர்களின் பிள்ளைகள் மருந்துக்கடைக்கும் கணக்கியலுக்கும் படித்தபோது இவள் மரத்துக்குப் படித்தாள். மத்தியதரைக் கடல் பக்கம் மலையும் பைன் மரமுமாக இருக்கிற ஒரு ஊரில் வேலை கிடைத்தது. குளிர்காலத்தில், காற்றில்லாத நாளாகப் பார்த்து, இவளும் கூட வேலை செய்கிறவர்களும் மரங்களுக்குக் கீழே மண்டிய பற்றைக்குள் இறங்கி வரிவரியாக நெருப்பு வைப்பார்கள். அது எல்லை தாண்டாமல் சுற்றி நின்று காவல் காத்து, பிறகு அணைப்பார்கள். கோடையில் அதே ஆட்கள் தண்ணீர்த் தாங்கி பூட்டிய வாகனத்தில் மலைப்பாதைகளில் ஓடித் திரிந்து, எங்கேயாவது புகை எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். வைக்கிறதும் இவர்கள், அணைக்கிறதும் இவர்கள். எனக்கு இது விசர் வேலையாகத்தான் தெரிந்தது.

முதல் வருட டிசெம்பர் நத்தார் விடுமுறைக்கு வந்தபோது பையில் பைன் காய்கள் கொண்டுவந்தாள். பிசின் ஒட்டி, கல் மாதிரி இறுகிய காய்கள். ஒன்றை எடுத்து, நான் கேக் போடுகிற அவணுக்குள் வைத்துச் சூடேற்றினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சடசடவென்று சத்தம். காய் இதழ் இதழாக விரிந்து, இறக்கை வைத்த விதைகள் தட்டில் கொட்டுண்டு கிடந்தன. என்னவர் குனிந்து குனிந்து பார்த்தார். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற மனுசன் இப்படி வாய் பிளந்து நின்றதை நான் கண்டதில்லை.

"பாத்தீங்களே அம்மா? நெருப்பு வந்தால்தான் இது திறக்கும். அந்தக் காடு நெருப்போடைதான் வளந்தது. மின்னல் விழும், கொஞ்சம் எரியும், திரும்ப முளைக்கும். கனகாலமா எல்லா நெருப்பையும் உடனை உடனை அணைச்சதாலை கீழை பத்தை மண்டிப்போச்சு. ஆடு மேய்க்கிற ஆக்களும் இல்லை. இப்ப பிடிச்சால் மரத்தின்ரை தலைக்கே ஏறீடும்."

அவள் பாதியைப் பிரெஞ்சில்தான் சொன்னாள். எனக்குள் அது தமிழாக இறங்கியது. இறங்கி என்ன பயன்? அடுத்த நாள் நான் போட்ட கேக்கில் பிசின் மணம். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

உண்மைக் கோபம் வேறு. ஊரில் சண்டைக்குள் எரிகிற வீட்டுக்குப் பின்வளவால் வெளியேறி வந்தவள் நான். நெருப்பில்லாத ஒரு இடத்தில் பிள்ளை பெற வேண்டும் என்றுதான் இத்தனை நாடு தாண்டினோம். அந்தப் பிள்ளை தானாகவே நெருப்பைத் தேடிப் போனால் வயிறு எரியாதா?

அதனால் போன வருடம் இங்கே பிள்ளையார் தேர் வந்தபோது, தெருவில் உடைந்து கிடந்த தேங்காய்களுக்கு நடுவே நின்று நேர்த்தி வைத்தேன். அவளை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடு, வருகிற தேருக்குத் தலையில் கற்பூரச்சட்டி எடுக்கிறேன் என்று. என்னவருக்கு மட்டும் சொன்னேன். இளவேனிலில் மகள் தொலைபேசி எடுத்து, வேலை நிரந்தரமாகிவிட்டது என்றாள். அவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு பிள்ளையார் என்னத்தைக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த வருடத் தேருக்கு ஒரு கிழமை இருக்கும்போது அது நடந்தது. கடை வாசல்வரை தேங்காய்ச் சாக்குகள். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் யாரோ செய்திக்கு மாற்றிவிட்டார்கள். மலைக்கு மேலே புகை நின்றது. அடியில் ஓடிய எழுத்தில் ஒரு சின்ன ஊரின் பெயர். அந்தப் பெயரை நான் பார்சல்களில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

மகளின் தொலைபேசிக்கு எடுத்தேன். தகவலை விடுங்கள் என்று அவள் முன்பு பதிந்துவைத்த குரல் சொன்னது. திரும்ப எடுத்தேன். அதே குரல். நடுவில் தேங்காய் விற்றேன். கறிவேப்பிலை கேட்டவருக்குக் கீரையைக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீரையோடு போனார். என்னவர் வேலையிலிருந்து பாதியில் வந்து, விமான நிலைய உடுப்போடு, கழுத்தில் அட்டை தொங்க, ஒரு மூலையில் இருந்து சின்ன வெங்காயத்தின் தோலை உரிக்கத் தொடங்கினார். யாரும் உரிக்கச் சொல்லவில்லை. நான் தடுக்கவுமில்லை. புகையைக் காட்டும்போதெல்லாம் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

பின்னேரம் சாய்கிற நேரம் தொலைபேசி அடித்தது.

"அம்மா."

குரல் கரகரத்திருந்தது. ஆனால் அவளுடைய குரல். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "சாப்பிட்டியே பிள்ளை?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகியது. பிறகு சொன்னாள். நடைபயணம் வந்த ஆட்களை மலையிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டுத் திரும்பும்போது காற்று மாறிவிட்டதாம். நெருப்பு முன்னாலும் றோட்டைத் தாண்டி, பின்னாலும் தாண்டிவிட்டது. இறங்கிப்போக வழியில்லை. இவளுடைய பொறுப்பாளர் வாகனத்தைப் பக்கவாட்டில் திருப்பி, இவர்கள் குளிர்காலத்தில் எரித்த காட்டுத் துண்டுக்குள் கொண்டுபோய் விட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தார்கள். சிக்னல் இல்லை. மரத்தின் உயரத்துக்கு வந்த நெருப்பு அந்த விளிம்புக்கு வந்ததும் புல்லின் உயரத்துக்கு விழுந்து, அங்கொன்று இங்கொன்றாகப் பற்றி, இரண்டு பக்கத்தாலும் விலகிப் போனதாம்.

"எரிய அங்கை ஒண்டும் மிச்சம் இல்லை அம்மா. மாசியிலை நாங்களே எரிச்சுப்போட்டம்."

தேங்காய்ச் சாக்கின் மேல் இருந்து சத்தம் போட்டு அழுதேன். வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். வெட்கமாக இருக்கவில்லை. என்னவர் தொலைபேசியை வாங்கி, "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னார். அழுது முடிய எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. பக்கத்துக் கடையில் மரக்கறி ரோல்ஸ் வாங்கிவரச் செய்து, நின்ற நிலையில் தின்றேன். அவ்வளவு ருசியான ரோல்ஸை அந்தக் கடைக்காரர் முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை.

தேருக்கு லீவு போட்டுக்கொண்டு மகள் வந்தாள். புருவத்தில் பாதி கருகிப்போயிருந்தது. நான் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

தேருக்கு முதல் நாள் என்னவர் மெதுவாகக் கேட்டார். "நேர்த்தி நிறைவேறேல்லை. பிள்ளை வேலையை விடேல்லை. சட்டி எடுக்கப்போறீரோ?"

"எடுப்பன். கணக்கை நான் அவரோடை பாக்கிறன்" என்றேன்.

காலையில் புதுச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தேன். மகள் முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இது நைலோன். பொறி விழுந்தால் உருகித் தோலிலை ஒட்டும். பருத்தி உடுங்கோ." மாற்றினேன். கொண்டையை இறுக்கிக் கட்டவைத்தாள். சும்மாட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். சட்டியின் அடியைத் தட்டிப் பார்த்து, வெடிப்பில்லை என்று தலையாட்டினாள். தெருவுக்கு வந்ததும் விரலை எச்சில்படுத்தி உயர்த்தி, "காத்து வலப்பக்கத்தாலை. நான் இடப்பக்கம் நிக்கிறன், பொறி இஞ்சாலைதான் வரும்" என்றாள். தண்ணீர்ப் போத்தல் கையில். பக்கத்தில் சட்டி எடுத்த பெண்கள் தங்கள் சேலைகளையும் பார்க்கச் சொல்லி இவளைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

"யார் அக்கா இந்தப் பிள்ளை?" என்றாள் ஒருத்தி.

"என்ரை மகள். தெற்கிலை காடு எரிக்கிறா" என்றேன். அவள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

கற்பூரம் பற்றியது. தலைக்கு மேலே சூடு தெரிந்தது. தேர் அசைந்தது. மகள் இடப்பக்கத்தில் என் அடிக்கு அடி வைத்து, முகத்தைப் பார்க்காமல் சட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் தன் வேலையில் எப்படி நிற்பாள் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

"என்னத்துக்கு அம்மா நேர்ந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

"அது சொல்லக்கூடாது" என்றேன்.

பிறகு கண்ணை மூடி, போன வருடம் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். பிள்ளையாரே, மாசியில் மழையில்லாத, காற்றில்லாத நாலு நாள் தா. என் பிள்ளை நல்லபடியாக எரிக்கட்டும்.