கம்பிக்கு அடியில் ஒரு கிழிசல்

ஷீட் அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டுத் தரைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பவரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மண்ணின் ஈரம் காங்கிரீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் ஷீட் அது. காங்கிரீட் போட்டதும் மறைந்துவிடும். "நல்லா விரிச்சிருக்கீங்க" என்று ஒரு மகராசனும் இதுவரை சொன்னதில்லை.

அன்று காலை, கம்பி கட்டி முடித்த தரையைக் கடைசியாக ஒரு முறை பார்க்கக் குனிந்தார். மூட்டுவலி உயிரை வாங்கியது. முக்கி முனகி எழுந்தபோது, சட்டைப் பையில் மடக்காமல் வைத்திருந்த ஷீட் வெட்டும் கத்தி நழுவி, கம்பிச் சதுரத்துக்குள் விழுந்து, ஷீட்டை விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. காங்கிரீட் லாரியும் வாசலில் வந்து நின்றுவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தீர்ந்தது. அலுத்துப்போன உடம்பு அதைத்தான் சொன்னது. ஆனாலும் சூப்பர்வைசரிடம் கேட்டார்.

"இது எந்த ரூம் சார்?"

"படுக்கிற ரூம். ஏன்ணே?"

ஷீட் அண்ணன் வீட்டிலும் படுக்கிற அறை உண்டு. இருப்பதே அந்த ஓர் அறைதான். வாடகை வீடு. தரை எப்போதும் வேர்க்கும். மனைவிக்கு மூச்சிரைப்பு.

"என் கத்தி விழுந்து ஷீட்டு கிழிஞ்சிடுச்சு சார். ஒட்டணும். பத்து நிமிஷம்."

"லாரி நிக்குதுண்ணே! கொட்டிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"படுக்கிறவங்களுக்குத் தெரியும் சார்."

கம்பி மேலேயே குப்புறப் படுத்து, சதுரத்துக்குள் கையை நுழைத்தார். காலைப் பனியில் நனைந்த ஷீட்டில் டேப் ஒட்டவே இல்லை. சட்டையைக் கழற்றி ஈரத்தைத் துடைத்தார். லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். "அண்ணன் தூங்கிட்டாரு போல!" என்று கேலி வேறு. தூங்கத்தான் ஆசை, யார் விட்டார்கள்? ஒரு வழியாக ஒட்டுப் போட்டு, நாலு பக்கமும் விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் எழுந்தார். கம்பி வயிற்றில் வரிவரியாகப் பதிந்திருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, மனைவி பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மூலையும் ஈரமாயிடுச்சுங்க. நீங்க விரிக்கிற ஷீட்டை இங்க மேலயே விரிச்சா என்ன?"

"மேல விரிச்சா ஈரம் அது பாட்டுக்கு அடியில ஊறிட்டேதான் இருக்கும். தரை போடறதுக்கு முன்னாடியே விரிக்கணும்."

"அப்ப விரிக்கலையா?"

அவர் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

"விரிச்சாங்களோ, விரிச்சது கிழிஞ்சுதோ. எவனோ ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கும். அவனுக்கும் அன்னைக்கு அலுப்பா இருந்திருக்கும்."