சோற்றுக் கையும் கேரம் கையும்

எந்தக் கையால் சாப்பிடுவீர்கள் என்று ஒரு டாக்டர் கேட்டால், நம் பக்கத்தில் எவளாவது இடது கை என்று சொல்வாளா? நானும் சொல்லவில்லை. திருப்பதியில் அந்த டாக்டர் தெலுங்கில்தான் கேட்டார். "குடி செய்யி சார்" என்று, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட மாதிரி, வலது கையைத் தூக்கிக் காட்டினேன். எழுதுவது? அதுவும் வலதுதான். பக்கத்தில் நின்ற என் புருஷன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அப்படியானால் வேலையில்லாத இடது கையில் வைத்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

வைத்தது ஃபிஸ்டுலா. என் சிறுநீரகங்கள் இரண்டும் ராஜினாமா கொடுத்துவிட்டதால் இனி டயாலிசிஸ் மெஷின்தான் கதி. மெஷினுக்கு வேகமான ரத்தம் வேண்டும். மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்துவிட்டால் அங்கே ரத்தம் வேகமெடுத்து ஓடும். வாரத்தில் மூன்று நாள் அதில்தான் ஊசி குத்துவார்கள். தொட்டுப் பார்த்தால் போர் மோட்டார் ஓடும்போது குழாயில் கை வைத்ததுபோல உறுமும். அந்தக் கையில் வளையல் கூடாது, வாட்ச் கூடாது, பாரம் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் கூடாது. என் மாமியார்கூட அத்தனை சட்டம் போட்டதில்லை.

இதில் வளையல் விஷயம் தனி நாடகம். வலது கை நிறைய வளையல், இடது கை மொட்டை. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் பொம்பளைகள் முதலில் என் மொட்டைக் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் கழுத்தைப் பார்ப்பார்கள். தாலி இருக்கும். குழம்பிப்போய்ப் பக்கத்தில் நிற்கிற என் புருஷனை மேலும் கீழும் பார்ப்பார்கள், ஆள் உயிரோடுதான் இருக்கிறாரா என்று. ஒருத்தி கேட்டே விட்டாள். கிட்னி ரிப்பேர் என்றேன்.

"கிட்னிக்கும் வளையலுக்கும் இன்னாமே சம்மந்தம்? ரெண்டு போட்டுக்கினா இன்னா தேஞ்சா பூடுவ?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பஸ் ஏறிவிட்டேன்.

உண்மை என்னவென்றால், நான் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கே நைனா என் இடது கை விரல்களில் வேப்பெண்ணெய் தடவிவிட்டார். சோற்றில் அந்தக் கையை வைத்தால் கரண்டிக் காம்பால் விழும். பள்ளிக்கூடத்து டீச்சர் மீதி வேலையைப் பார்த்துக்கொண்டார். சாப்பிட, எழுத, பிரசாதம் வாங்க, காசு கொடுக்க என்று மரியாதைப்பட்ட வேலை எல்லாவற்றையும் வலது கை கற்றுக்கொண்டது. கேரம் மட்டும் தப்பித்தது. கேரம் உருப்படாதவர்கள் ஆட்டம். அதை எந்தக் கையால் ஆடினால் யாருக்கு என்ன? அந்த இடது கையால்தான் நான் கோப்பை கோப்பையாக வாங்கி ஷோகேஸில் அடுக்கினேன். ஆனாலும் யாராவது கேட்டால் 'வலது கைதான்' என்று வாய் தானாகச் சொல்லிவிடும். வேப்பெண்ணெய் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது.

தையல் பிரித்து, புண் ஆறி, சரி என்று டாக்டர் சொன்ன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, என் புருஷன் கேரம் போர்டை எடுத்துத் துடைத்துப் பவுடர் போட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு அதுதான் வழக்கம். நான் உட்கார்ந்து ஸ்ட்ரைக்கரில் கை வைத்தேன். உறுமுகிற கை. அவர் அந்தக் கையைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"அடிப்பாவி," என்றார். "டாக்டர் கேட்டப்ப வாயில இன்னா வச்சிக்கினு இருந்த?"

"நீங்க மட்டும் இன்னாவாம்? பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டிக்கினு இருந்தீங்களே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஸ்ட்ரைக்கரை அடித்ததும் என் சிரிப்பு நின்றுபோனது. விரல் நுனி ஜில்லென்று மரத்திருந்தது. அடித்த அடி எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். ரத்தம் குறுக்கு வழியில் ஓடிவிடுவதால் சிலருக்கு விரலுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும், புண்ணோ தாங்காத வலியோ வந்தால் உடனே வாருங்கள், இல்லாவிட்டால் இப்படியே இருக்கட்டும் என்றார். கேரம் என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு புன்சிரிப்பு. உயிர் பிழைத்திருக்கிறாயே, கேரம் ஒரு கேடா என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, படித்தவர். இதை மூடிவிட்டு வலது கையில் புதிதாக ஆரம்பித்தால் அதுவும் ஊசி குத்தத் தயாராக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அங்கேயும் இதே கதை நடக்காது என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். சோற்றுக் கையும் மரத்துப்போனால் என்ன செய்ய? இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கை என் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தெரியும். இருந்தாலும் வயிறெரிந்தது.

மற்ற நாட்கள் ஓடின. மெஷின் நாளில் விடிந்ததும் பஸ் ஏறி, சந்திரகிரி தாண்டி, திருப்பதி. மெஷின் இல்லாத நாளில் சித்தூர் மாம்பழக் கூழ் கம்பெனியில் கணக்கு வேலை. சீசனில் லாரி லாரியாகப் பழம் வந்து இறங்கும்; எனக்கு மாம்பழம் ஆகாது, அதில் பொட்டாசியம், கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது. வாசனை பிடிப்பதற்கு மட்டும் தடையில்லை. வீட்டில் காய்கறியையும் அந்தப் பொட்டாசியம் போக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். எனக்கு நடப்பதைத்தான் நான் முருங்கைக்காய்க்கும் நடத்திக்கொண்டிருந்தேன். வார்டிலோ, மெஷினில் கையைக் கொடுத்துப் படுத்திருக்கிற அத்தனை பேரும் பேசுவது சாப்பாடு ஒன்றையே. ஒருவர் பங்கனப்பள்ளியை எப்படி நறுக்க வேண்டும் என்று ஆரம்பித்தால், அந்த வரிசை முழுக்க எச்சில் விழுங்கும். எச்சிலுக்குக் கணக்கில்லை, குடிக்கிற தண்ணீருக்குத்தான் கணக்கு.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை கேரம். இங்கேதான் அதிசயம். நான் ஜெயிக்க ஆரம்பித்தேன்.

முதல் வாரம் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் ஜெயித்தேன். என் விரலில் உணர்ச்சி இல்லை, காய் பாதி தூரம் போய்ப் படுத்துக்கொள்கிறது, ஆனாலும் நான்தான் ஜெயிக்கிறேன். என் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டக்டராக இருந்து ரிடையரானவர். கேரமில் என்னைத் தோற்கடிக்க அவர் பண்ணாத திருட்டுத்தனம் இல்லை. பவுடர் ஊதுகிறேன் என்று காயை நகர்த்துவார், முழங்கையால் தள்ளுவார், கேட்டால் "அது முன்னாடியே அங்கதான் இருந்திச்சி" என்று வெங்கடாசலபதிமேல் சத்தியம் பண்ணுவார். அப்படிப்பட்ட மனுஷன் திருடுவதை நிறுத்திவிட்டார். என் முறையில் கையைக் கட்டிக்கொண்டு, தன் முறை முடிந்ததும் நகர்ந்து உட்கார்ந்து, உத்தமர் மாதிரி ஆடினார். ஆபரேஷனுக்குப் போனபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள், இரண்டு கையிலும் இளநீரோடு.

"அண்ணி, இத குடி. கிட்னிய கழுவி உட்ரும்."

"கிட்னிய கழுவாது, என்னையே கழுவி எடுத்துகினு போயிடும். இளநி எனக்கு வெஷம்னு டாக்டர் சொல்லிக்கீறாரு."

"டாக்டருக்கு இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, வீணாக்கக் கூடாது என்று இரண்டையும் அவளே குடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தாள்.

அவருக்குச் சிவப்புக் காய் குழி வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். அவர் அடித்தார். ஸ்ட்ரைக்கர் அதைத் தொடாமல் ஓரமாகப் போனது.

"அச்சச்சோ," என்றார், காசு வாங்காமல் நடிக்க வந்தவர் மாதிரி.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "யோவ், இன்னா பண்ற நீ?"

"இன்னா பண்ணேன்? பவுடரு சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உனுக்குத்தான் ஆடத் தெரியுமே! எனுக்குப் பிச்ச போடறியா?"

போர்டைத் தள்ளினேன். காய்கள் தரையெல்லாம் ஓடின. நாத்தனார் காலைத் தூக்கிக்கொண்டாள். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ ஜெயிச்சிக்கினு இருந்தா உனுக்கு ஒண்ணும் இல்லன்னு இருக்குதுமே. நீ தோத்துட்டின்னா..."

இத்தனை நாளும் பயம் என் ஒருத்திக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வருகிற இந்த மனுஷனுக்கும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. நாத்தனார் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

"வார்டுல எல்லாரும் என்னப் பாத்து பாவம் பாவம்ன்றாங்க. பஸ் ஸ்டாண்டுலயும் பாவம்ன்றாங்க. ஊட்லயும் ஒருத்தர் வாணாம். ஒழுங்கா ஆடுங்க," என்றேன்.

அவர் காயை அடுக்கினார். ஆடினார். கட் அடித்தார், சுவரில் மோதித் திருப்பி அடித்தார், சிவப்பையும் போட்டு அதற்குத் துணைக் காயையும் போட்டார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, மரத்த விரலால் முட்டி மோதி மூன்று காய் போட்டேன். அதற்குமேல் முடியவில்லை. அவர் கடைசிக் காயைக் குழியில் தள்ளியபோது என் மீதிக் காய்கள் போர்டில் அப்படியே இருந்தன.

"இன்னாண்ணா நீ," என்று நாத்தனார் கத்தினாள், "ஒடம்பு சரியில்லாதவகிட்ட போயி வீரத்த காட்டிக்கினு..."

ஜெயித்தவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். போர்டின் பவுடரில் இரண்டு சொட்டு விழுந்தது.

"இன்னாத்துக்கு அழுவறீங்க? தோத்தது நானு," என்றேன். "காய அடுக்குங்க."