சிவப்புப் பொட்டில் கறுப்பு ஒயர்

திருவொற்றியூரில் ஒலிபெருக்கி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பேக்கிங்கில் இருந்தேன். டெஸ்டிங்கில் ஒருவர் இருந்தார். ஒல்லி ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டார்ச் லைட் பேட்டரி. அதை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் தொடுவார். காகிதக் கூம்பு முன்னால் துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையில் சிவப்புப் பொட்டு வைப்பார்.

டெஸ்டிங் அறை இரைச்சலிலேயே அவர் காது பாதி போயிருந்தது. அதனால் துள்ளலை விரல் வைத்துத்தான் பார்ப்பார். ஒருநாள் மானேஜர், "செவிட்டுப் பயலுக்கு ஸ்பீக்கர் டெஸ்டிங்கா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு, அவரைக் கூட்டிப் பெருக்க அனுப்பினான். அந்த மானேஜருக்கு என்ன மரியாதை, 'அவன்' போதும்.

ஆனால் ஆயுத பூஜைக்கு மைக் செட் கட்ட அவரையே கூப்பிட்டார்கள். மேடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டி வைத்தார். முதலாளி மேடைக்கு எதிரே நட்டநடுவில் உட்கார்ந்தார். மானேஜர் பேசினான். வாய் அசைந்தது, குரல் தகர டப்பாவில் மாட்டிய ஈ மாதிரி வந்தது. முதலாளி காதருகே கையைக் குவித்தார்.

நான் ஒரு பெட்டிக்குப் பின்னால் ஓடினேன். சிவப்புப் பொட்டில் கறுப்பு ஒயர் இருந்தது.

"இன்னாண்ணா, ஒயரு மாறிப்போச்சா?" என்று அங்கே உட்கார்ந்திருந்த அவர் காதில் கத்தினேன்.

"மாறல நைனா, மாத்திகீறேன். இந்தப் பொட்டி காத்த முன்னால தள்ளசொல்லோ அந்தப் பொட்டி பின்னால இஸ்துக்கும். நடுவுல குந்திகினு கீறவனுக்கு ஒண்ணும் கேக்காது. என்னைச் செவுடன்னான்ல? இப்ப அவன் மொதலாளியே செவுடு."

கூம்பின் மேல் விரலை வைத்து, மானேஜரின் பேச்சு முழுவதையும் அவர் ரசித்துக்கொண்டிருந்தார். ஒயரை மாற்ற அரை நிமிடம் போதும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்றுதான் எனக்கு இன்றும் வருத்தம்.