காங்கா முனையில் ஒரு முடிச்சுச் சர்க்கரை

பிழைக்காது என்று மருத்துவச்சி ஓரமாகக் கிடத்திய குறைமாதக் குழந்தை பாலுக்கு அழுதது. அது லிமியின் முதல் வெற்றி. பதினொரு வயதில் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்து எலும்பும் தோலுமாய் இளைத்தபோது, செய்வினை என்று ஊர் சொன்னது. நினைவு தப்பிக் கிடந்தவள், சர்க்கரை நோய் என்ற பெயரோடு கண் விழித்தாள். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணல் நிரப்பிய பானைக்குள் இன்சுலின் குப்பியைக் கெடாமல் காத்தாள். ஊசி போடுகிறவள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்ற பிள்ளைகளோடு படித்தே பள்ளி இறுதித் தேர்வில் தேறினாள். "இவ என்னத்துக்கு ஆவா" என்று கேட்டவர்களுக்கெல்லாம், ம்வான்சா நகரத் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து சட்டை தைத்துக் கொடுத்தாள்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்த வரிசையை ஒன்றுவிடாமல் சொல்பவள் அவளுடைய அக்கா கபுலா. ஏரிக்கரை மீன்சந்தையில் டீக்கடை வைத்திருந்தாள். கோப்பைகளின் காதெல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும் அவளுக்கு. எண்ணெயில் பொரித்தெடுக்கும் மந்தாசி ஒன்று கோணலாக வந்தாலும் தட்டில் வைக்கமாட்டாள். லிமிக்குச் சர்க்கரை இறங்குவது லிமிக்கு முன்பே கபுலாவுக்குத் தெரிந்துவிடும். தங்கையின் மேலுதட்டில் வியர்வை அரும்பும். ஒன்றுமில்லாததற்குச் சண்டைக்கு வருவாள். உடனே கபுலா இடுப்பில் கட்டிய காங்கா துணியின் முனையை அவிழ்ப்பாள். அதில் எப்போதும் ஒரு முடிச்சுச் சர்க்கரை இருக்கும்.

அப்படி இருந்த வீட்டுக்குள் ரெஹேமா வந்தாள்.

வந்தாள் என்றால் கைப்பேசி வழியாக. ஆஸ்பத்திரியில் லிமியின் பெயரைப் பதிந்துகொண்டு, இனி குறுஞ்செய்தி வரும் என்றார்கள். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. பகலில் அது டீக்கடையில் கபுலாவிடம் இருக்கும். முதல் செய்தி வந்தபோது கபுலாவின் கை முழுக்க மாவு. பக்கத்தில் தக்காளி விற்கும் பெந்தோவின் அம்மாதான் உரக்கப் படித்தாள்.

"சர்க்கரை இறங்கிவிட்டதா? உடனே கவனியுங்கள். ரெஹேமா."

படித்ததும் கூடையை அப்படியே விட்டுவிட்டு மளிகைக்கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஏன் கபுலா, விலை இறங்கிடுச்சுன்னு போய் நின்னா, கடைக்காரன் என்னைக் கிறுக்கிங்கிறான். யாருடி அந்த ரெஹேமா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்றாள் கபுலா.

சந்தையே ஒரு வாரம் சிரித்தது. கபுலா சிரிக்கவில்லை. மாலையில் கைப்பேசியை வாங்கியதும் லிமி அதைப் பார்த்து முறுவலிப்பாள். நல்லபிள்ளை மாதிரி ஒன்று அல்லது இரண்டு என்ற எண்ணை அழுத்திப் பதில் அனுப்புவாள். அக்கா பத்து வருஷமாகத் தொண்டை வறளச் சொன்னதை, ரெஹேமா ஒரு வரியில் சொன்னால் கேட்டாள்.

ஒரு நாள் தையல் கடையிலிருந்து வந்தவளின் உதட்டில் வியர்வையைக் கண்டதும், கபுலா பாலில் சர்க்கரை அள்ளிப் போட்டு டீ கலந்தாள். தட்டில் மந்தாசிகளையும் அடுக்கினாள்.

"இதெல்லாம் வேணாம்க்கா. தண்ணியில சர்க்கரை கலந்து குடு. கால் மணி பொறுத்து மறுபடி பாத்துட்டு அப்புறம் சாப்பிடறேன். எண்ணெய்ப் பண்டம் தின்னா சர்க்கரை ஏற நேரமாகுமாம்."

"யாரு சொன்னா?"

"ரெஹேமாதான்."

"நீ மூக்கு ஒழுகத் திரிஞ்ச காலத்துல ரெஹேமா எங்க இருந்தாளாம்?"

கேட்டுக்கொண்டே சர்க்கரைத் தண்ணீரைக் கலந்தாள். கரண்டி கோப்பையில் இடித்த சத்தம் பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டது.

லிமி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், கபுலாவும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். காங்காவில் அச்சடித்திருக்கும் வரிக்கு அங்கே பேர் என்றுதான் சொல்வார்கள். பேர் இல்லாத காங்காவை எவளும் கட்டுவதில்லை. நேரில் திட்ட முடியாதவளைத் துணியால் திட்டலாம். கபுலா பெட்டியைக் குடைந்து சிவப்புக் காங்கா ஒன்றை எடுத்தாள். 'எட்டி எட்டிப் பார், கிட்டாது உனக்கு' என்பது அதன் பேர். கட்டி முடித்ததும் எழுத்து நேராக இருக்கிறதா என்று இரண்டு தரம் சரிபார்த்தாள். முனையில் வழக்கம்போல ஒரு முடிச்சு.

"எதுக்குக்கா இது? கல்யாணத்துக்கா போறோம்?"

"யாரோ படிக்கட்டும்னுதான்."

வரிசை நீளமாக இருந்தது. சீருடை அணிந்த நர்ஸ்களில் யார் ரெஹேமா என்று கபுலா முகம் முகமாக அளந்தாள். அழகான ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து வெறுக்கத் தொடங்கியிருந்தாள்.

"என்ன முறைக்கிற? மானத்தை வாங்கவே வந்தியா? உன்கூட வந்ததே தப்பு," என்று லிமி திடீரென்று சீறினாள்.

கபுலா திரும்பிப் பார்த்தாள். மேலுதட்டில் வியர்வை. கை நடுங்கியது. கைப்பேசி மடியில் ஊமையாய்க் கிடந்தது. முடிச்சை அவிழ்த்துச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, தங்கையைக் குடிக்கவைத்தாள். பையிலிருந்த மந்தாசியை எடுக்கப் போன கை நின்றது. கால் மணி பொறு. அந்தச் சிறுக்கி சொன்னதையே செய்யவேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிய, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி பொறுத்தாள். லிமி தெளிந்து, விரலில் குத்திப் பார்த்து, "ஏறிடுச்சு" என்ற பிறகுதான் மந்தாசியை நீட்டினாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் வந்தார்.

"யாரும்மா கத்துக்குடுத்தா?"

"உங்க ரெஹேமா இல்ல. எங்க அவ? கூப்பிடுங்க, நான் பேசணும்."

நர்ஸ் காங்காவின் பேரைப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மூலையில் இருந்த கணினியைக் காட்டினார்.

"அதுதான் ரெஹேமா. நேரத்துக்கு நேரம் அதுவா அனுப்பும். பேரில்லாத நம்பர்னா யாரும் பதில் போடமாட்டேங்கறாங்க, அதான் ஒரு பேர் வச்சோம். நீங்க வேற இவ்வளவு கோவமா..."

கபுலா கணினியை ஏற இறங்கப் பார்த்தாள். தூசி தட்டாமல் இருந்தது. அதில் ஒரு சின்னத் திருப்தி.

செய்திகளை நோயோடு வாழ்கிறவர்களே எழுதினால் நன்றாயிருக்கும் என்றார் நர்ஸ். எழுதச் சொல்லி லிமியைக் கேட்டார். லிமி யோசிக்கவே இல்லை.

'காரணமில்லாமல் சண்டை வந்தால் சர்க்கரையைப் பார். காங்கா முனையில் ஒரு முடிச்சு வைத்துக்கொள். தண்ணீரில் கரைத்துக் குடி, கால் மணி பொறு.'

கபுலாவுக்குப் பொறுக்கவில்லை. தன் முடிச்சு இனிமேல் ஊரெல்லாம் போகும், முகமறியாத எவளெவளோ அவிழ்ப்பாள். "என்னோடதை எடுத்து ஊருக்கெல்லாம் குடுக்கறா பாரு," என்று முணுமுணுத்தாள்.

நர்ஸ் எழுத்துகளை எண்ணினார். "இடம் போதலை லிமி. கீழ என்னமோ நீளமா எழுதியிருக்கியே, அதை எடுத்துடு."

"மேல வணக்கம்னு இருக்கே, அதை எடுங்க சிஸ்டர். கீழ கை வைக்காதீங்க."

கபுலா கழுத்தை நீட்டிப் படித்தாள். பிறகு அவிழ்ந்திருந்த காங்கா முனையைத் திரும்ப முடிச்சுப் போட்டாள். செய்தியின் அடியில் ரெஹேமா இல்லை.

'லிமி, கபுலாவின் தங்கை. 14 ஆகஸ்ட் 2019.'